கிட் கிளீன் ஓட்டினேன், தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் எல்லாம் போச்சு. மீட்க வழி உண்டா?

மூன்றாவது_டேப் · செவ்வாய் இரவு 10:52

உதவி வேண்டும், கொஞ்சம் அவசரம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்குப் பில் போடும் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். உபுண்டு லினக்ஸ், நோட் சர்வர், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். இன்று சாயங்காலம் பில்ட் உடைந்து நின்றது. கோட் எல்லாம் கிட்டில் (மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறது. எங்கள் டீம் லீட் ரீட்மீயில் (ப்ராஜெக்ட் குறிப்பு ஃபைல்) எழுதி வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கிட் ரீசெட் ஹார்டு (கடைசிப் பதிவுக்குத் திரும்பு), பிறகு கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ் (கிட்டின் பதிவில் இல்லாத ஃபைல், ஃபோல்டர் எல்லாவற்றையும் அழி).

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை. -எஃப்-க்குப் பதில் -என் போட்டு, எதை எல்லாம் அழிக்கப் போகிறது என்று முதலில் பார்த்தேன். பத்து வரி வந்தது. நோட் மாட்யூல்ஸ், டிஸ்ட், லாக் என்று வழக்கமான குப்பை. நடுவில் ஒரு வரி இப்படி:

"\340\256\260\340\256\232\340\257\200\340\256\244\340\257\201/"

பில்ட் விட்டுப்போன ஏதோ கேஷ் ஃபோல்டர் என்று நினைத்தேன். ஓட்டிவிட்டேன். அது "ரசீது" ஃபோல்டர். கடைக்காரர் கேட்டபடி தமிழில் செய்த 11 பில் மாதிரிகள் அதற்குள் இருந்தன. கூடவே கடவுச்சொல் போன்ற அமைப்புகள் இருந்த .என்வ் ஃபைலும், கடைக் கணக்குப்பிள்ளை மூன்று வாரமாக உட்கார்ந்து சோதனைக்கு அடித்துப்போட்ட டேட்டாபேஸும் போய்விட்டன. ரீஃப்ளாக்கில் (கிட்டின் பழைய பதிவுகளின் குறிப்பேடு) ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். யாராவது இதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் ஓடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்.)

---

கருப்புத்திரை · இரவு 10:57

தம்பி, சர்வர் இன்னும் ஓடுகிறதா? ஓடினால் நிறுத்தாதே. அந்த டெர்மினலை மூடாதே. மறுபடி பேக்கேஜ் இன்ஸ்டால் எதுவும் போடாதே, டிஸ்க்கில் எழுதும் எதையும் செய்யாதே. இதற்குப் பதில் சொல்லு, மற்றதை அப்புறம் பேசலாம்.

---

மூன்றாவது_டேப் · இரவு 10:59

ஓடுகிறது அண்ணா. வேறு டேபில் காலையிலிருந்து அப்படியே இருக்கிறது. தானாக ரீஸ்டார்ட் ஆகும் நோட்மான் எல்லாம் போடவில்லை, சும்மா நோட் என்று ஓட்டியதுதான்.

---

கருப்புத்திரை · இரவு 11:06

பிழைத்தாய். நோட்மான் போட்டிருந்தால் ஃபைல் மறைந்த நொடியே ரீஸ்டார்ட் ஆகி எல்லாம் முடிந்திருக்கலாம்.

லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் அதன் பெயரை எடுப்பதுதான். யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால், அவர் மூடும் வரை உள்ளே இருப்பது டிஸ்க்கில் அப்படியே இருக்கும். உன் நோட் சர்வர் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்று கொடுத்து ஓட்டு. பெயர் போய், திறந்த நிலையில் மட்டும் உயிரோடு இருக்கும் ஃபைல்களைக் காட்டும். அதில் சர்வரின் ப்ராசஸ் எண்ணும், திறந்திருக்கும் ஃபைலுக்கான எஃப்டி எண்ணும் இருக்கும். பிறகு புராக் கோப்பகத்துக்குள் அந்த ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் அந்த எண். அதை சிபி போட்டு வேறு இடத்துக்கு நகலெடு. முடிந்தால் பென் டிரைவுக்கு.

டேட்டாபேஸ் வால் முறையில் (புதிதாக எழுதுவதை முதலில் தனி ஃபைலில் குறிக்கும் முறை) இருந்தால் பக்கத்திலேயே -வால் என்று முடியும் இன்னொரு ஃபைலும் பட்டியலில் தெரியும். அதையும் சேர்த்து எடு, பெயரை முன்பு இருந்த மாதிரியே வை. ஒன்றை மட்டும் எடுத்தால் கடைசியாக எழுதிய சில பில்கள் காணாமல் போகும். நகலெடுக்கும்போது யாரும் பில் போடாமல் பார்த்துக்கொள்.

---

பைப்லைன்_பாண்டி · இரவு 11:09

.என்வ் பற்றிக் கவலைப்படாதீங்க. அதே புராக் கோப்பகத்தில் என்விரான் என்று ஒரு ஃபைல் இருக்கும். ஓடும் ப்ராசஸின் எல்லா மாறிகளும் அதில் வந்துவிடும். கடவுச்சொல் எல்லாம் அப்படியே பளிச்சென்று தெரியும்.

---

யாழ்_நிரலி · இரவு 11:15

அண்ணை, அது முழுக்கச் சரியில்லை. என்விரான் ஃபைலிலை இருக்கிறது ப்ராசஸ் தொடங்கேக்க கையிலை கொடுத்த மாறிகள் மட்டும்தான். டாட்என்வ் மாதிரி ஒரு லைப்ரரி உள்ளுக்கை போன பிறகு .என்வை வாசிச்சு எடுத்தால் அது அங்கை தெரியாது. தம்பி ஷெல்லிலையே சோர்ஸ் செய்து எக்ஸ்போர்ட் பண்ணிப்போட்டு சர்வரைத் தொடங்கியிருந்தால் மட்டும் தெரியும்.

தம்பி, எப்பிடித் தொடங்கினனீங்கள்?

மற்றது, முக்கியமான கேள்வி. அந்த ரசீது ஃபோல்டரை எப்பவாவது ஒருக்கா எண்டாலும் கிட் ஆட் செய்தனீங்களோ? கமிட் (வரலாற்றிலை பதியிறது) இல்லை, ஆட் (பதியிறதுக்கு எடுத்து வைக்கிறது) மட்டும்.

---

மூன்றாவது_டேப் · இரவு 11:31

டேட்டாபேஸ் கிடைத்துவிட்டது!! வால் ஃபைலும் இருந்தது. திறந்து பார்த்தேன், இன்று மதியம் போட்ட பில் வரைக்கும் இருக்கிறது. அண்ணா, உங்களுக்கு ஈரோடு பக்கம் வரும்போது சாப்பாடு என் கணக்கு.

அக்கா, நான் ஷெல்லில் சோர்ஸ் செய்துதான் ஓட்டினேன் (சோம்பேறித்தனம்தான் இன்று காப்பாற்றியது). என்விரானில் எல்லாம் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்.

ரசீது: வெள்ளிக்கிழமை கிட் ஆட் செய்தேன். தமிழ்ப் பெயரில் ஃபைல் கமிட் செய்யாதே, ஆங்கிலத்தில் மாற்றிவிட்டுச் செய் என்று லீட் சொன்னார். சரி, திங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று கிட் ரீசெட் போட்டு வெளியே எடுத்து வைத்தேன். அதனால்தான் ட்ராக் ஆகாமல் (கிட்டின் பதிவில் சேராமல்) கிடந்தது. இதனால் பயன் உண்டா?

---

யாழ்_நிரலி · இரவு 11:38

ஓம், இருக்கு. ஆட் செய்த அந்த நேரமே கிட் ஒவ்வொரு ஃபைலின்ரை உள்ளடக்கத்தையும் பிளாப் எண்டு .கிட் ஃபோல்டருக்கை எழுதிப்போடும். பிறகு நீங்கள் ரீசெட் செய்தால் இன்டெக்ஸிலை (ஆட் செய்ததுகளின்ரை பட்டியல்) இருந்த பெயர்தான் போகும், பிளாப் அநாதையாக் கிடக்கும். கிட் ஜிசி (கிட்டின்ரை குப்பை அள்ளுற கட்டளை) ஓடினாலும் 2 கிழமைக்கு உட்பட்டதைத் தொடாது. வெள்ளிக்கிழமை எண்டால் 4 நாள்தான் ஆச்சு.

கிட் எஃப்எஸ்சிகே, அதோடை --லாஸ்ட்-ஃபவுண்ட். அநாதையான பிளாப் எல்லாத்தையும் .கிட் உள்ளுக்கை லாஸ்ட்-ஃபவுண்ட், அதுக்குள்ளை அதர் எண்ட ஃபோல்டரிலை எழுதித் தரும். ஆனால் ஃபைல் பெயர் வராது, ஹேஷ் (உள்ளடக்கத்திலை இருந்து கணக்கிட்ட நீள எண்) தான் பெயராய் இருக்கும். பிளாப்புக்குத் தன்ரை பெயரே தெரியாது. நீங்கள் உள்ளுக்கை இருக்கிற எழுத்தைத் தேடித்தான் எது எது எண்டு பிடிக்கவேணும்.

தயவுசெய்து கிட் ஜிசி --ப்ரூன்=நவ் எண்டு யாரும் சொன்னாலும் கேட்காதேங்கோ.

---

ஜன்னல்வாசி · இரவு 11:44

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்த எண் வரிசைதான் என்னை உறுத்துகிறது. ஒழுங்காக "ரசீது" என்று காட்டியிருந்தால் இவர் ஓட்டியிருக்கவே மாட்டார் இல்லையா? எனக்கும் விண்டோஸில் கிட் ஸ்டேட்டஸ் இப்படித்தான் காட்டுகிறது. ஃபான்ட் கோளாறு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

கருப்புத்திரை · இரவு 11:58

ஃபான்ட் இல்லை. கோர்.கோட்பாத் என்று ஒரு அமைப்பு உண்டு, இயல்பாக ட்ரூ. ஆஸ்கி தாண்டிய எந்த எழுத்து ஃபைல் பெயரில் இருந்தாலும் அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாக மாற்றி அச்சிடும். யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொன்றும் மூன்று பைட். எல்லாமே 340 256 அல்லது 340 257 என்றுதான் தொடங்கும். இனிமேல் எங்கே இந்த 340-256 ஜோடியைப் பார்த்தாலும் "இது தமிழ்" என்று புரிந்துகொள்ளலாம்.

"ரசீது" என்பதில் ர, ச, ீ, த, ு என்று ஐந்து குறியீடு. பதினைந்து பைட். ஒரு பைட்டுக்கு நான்கு எழுத்து வீதம் அறுபது எழுத்து நீளத்துக்கு அச்சாகிறது. மூன்று எழுத்தாய்த் தெரிய வேண்டிய சொல். குப்பை மாதிரி தெரிந்ததில் தம்பி மேல் தப்பே இல்லை.

கிட் கன்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ். ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு ஸ்டேட்டஸ், டிஃப், கிளீன் எல்லாமே தமிழில் காட்டும். தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற எல்லோரும் கிட் நிறுவியதும் தங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொடுப்பதற்கு அடுத்த வேலையாக இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

இன்னொரு விஷயம். ஃபோல்டர் முழுக்க ட்ராக் ஆகாததாக இருந்தால் -என் அந்த ஃபோல்டர் பெயரை மட்டும் ஒரு வரியில் காட்டும். உள்ளே 11 ஃபைலா 1100 ஃபைலா என்று சொல்லாது. பெயர் படிக்கக்கூடியதாக இருந்தாலும் கணக்குத் தெரியாது. எனக்குச் சந்தேகம் வந்தால் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --அதர்ஸ் போட்டு ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துவிடுவேன்.

---

பைப்லைன்_பாண்டி · புதன் காலை 7:20

காலை வணக்கம். இரவே தூங்கிவிட்டேன். யாழ் அக்கா திருத்தியது சரிதான், நான் அவசரப்பட்டேன்.

எல்லாரும் கோட்பாத் மேல் பழியைப் போடுகிறோம். ஆனால் அந்த ரீட்மீயில் -எக்ஸ் எதற்கு? வெறும் -எஃப்டி போதாதா?

---

கருப்புத்திரை · காலை 8:05

போதாது, போதும், இரண்டும் சரி. சின்ன -எக்ஸ் போட்டால், கிட் கண்டுகொள்ளக் கூடாது என்று .கிட்இக்னோரில் எழுதியதையும் சேர்த்து அழிக்கும். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் டேட்டாபேஸும் .என்வும் தப்பித்திருக்கும். நோட் மாட்யூல்ஸும் தப்பித்திருக்கும், அதாவது லீட் நினைத்த வைத்தியம் வேலை செய்திருக்காது. ஆனால் ரசீது எப்படியும் போயிருக்கும். அது இக்னோரில் இல்லை, -டி ஒன்றே அதற்குப் போதும்.

லீட் தேடியது உண்மையில் பெரிய -எக்ஸ். அது இக்னோர் செய்ததை மட்டும் அழிக்கும், நீ புதிதாக எழுதி இன்னும் சேர்க்காததைத் தொடாது. .என்வை மட்டும் காப்பாற்ற -இ என்று விதிவிலக்கு கொடுக்கலாம். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சின்ன -எக்ஸோடு -இ .என்வ் என்றால் "இதை விட்டுவிடு". பெரிய -எக்ஸோடு அதையே கொடுத்தால் "இதையும் இக்னோர் பட்டியலில் சேர்", அதாவது அழி! அங்கே பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு மறுத்துச் சொல்ல வேண்டும், ஷெல் அதைத் தின்றுவிடாமல் பின்சாய்கோடும் சேர்த்து. ஒரே எழுத்து, ஷிஃப்ட் அழுத்தினால் அர்த்தம் தலைகீழ். இப்படி வடிவமைத்தவர்களுக்கு என்ன சொல்ல.

---

ஜன்னல்வாசி · காலை 9:12

நான் சப்வெர்ஷனிலிருந்து (கிட்டுக்கு முந்தைய, அதே மாதிரிக் கருவி) வந்தவன். அங்கே எஸ்விஎன் கிளீனப் என்றால் பாதியில் நின்ற வேலை விட்டுப்போன பூட்டுகளை எடுப்பது. பயமே இல்லாமல் தினம் ஓட்டுவோம். 1.9 பதிப்பில்தான் பதிவில் இல்லாத ஃபைல்களை நீக்கும் வசதியை அதற்குள் சேர்த்தார்கள், அதுவும் தனியாக நீளமாக எழுதிக் கேட்டால்தான் செய்யும். அந்தப் பழக்கத்தில் கிட்டுக்கு வந்த முதல் வாரம் கிளீன் என்று அடித்தேன். நல்லவேளை, -எஃப் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டது.

---

கருப்புத்திரை · காலை 9:30

அந்த மறுப்பும் முதலிலிருந்தே இருந்ததில்லை. ஆரம்பத்தில் கிளீன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், சொன்னதும் அழித்துவிடும். 1.5.4-ல்தான் -எஃப் கட்டாயம் என்பதை இயல்பாக்கினார்கள், 2008 தொடக்கம் அது. ஆனால் கட்டாயமாக்கியதன் பலன் என்ன? எல்லோரும் விரல் பழக்கத்தில் -எஃப்டிஎக்ஸ் என்று ஒரே மூச்சில் அடிக்கிறோம். கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி, யோசித்தா செய்கிறோம்?

---

பைப்லைன்_பாண்டி · காலை 9:47

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளீனை எல்லோரும் வில்லன் ஆக்குகிறீர்கள். சிஐ இயந்திரத்தில் (கோட் மாறும்போதெல்லாம் தானாகப் பில்ட் செய்து சோதிப்பது) இது இல்லாமல் வாழ முடியாது. கிட்லேப் ரன்னர் இயல்பாகவே -எஃப்எஃப்டிஎக்ஸ் என்றுதான் ஓட்டுகிறது. கிட்ஹப்பின் செக்கவுட்டும் அப்படியே. போன பில்டின் மிச்சம் இந்தப் பில்டில் கலந்தால் "என் இயந்திரத்தில் ஓடுதே" கதைதான்.

இரண்டு எஃப் எதற்கு என்று கேட்பீர்கள். ட்ராக் ஆகாத ஃபோல்டருக்குள் இன்னொரு கிட் ரெப்போ இருந்தால் ஒரு எஃப்-க்கு கிளீன் அசையாது. அதற்குள் வேறு யாருடைய வரலாறோ இருக்கலாம் என்ற மரியாதை. இரண்டாவது எஃப் கொடுத்தால் அந்த மரியாதையும் போய்விடும்.

எங்களுக்குத் தலைவலி வேறு. பில்ட் ஓடும் டாக்கர் கன்டெய்னர் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓடி, மவுண்ட் செய்த ஃபோல்டரில் ரூட் பெயரில் ஃபைல் எழுதிவிட்டுப் போகும். அடுத்த பில்டில் கிளீன் வந்து அனுமதி இல்லை என்று விழும். கன்டெய்னரை உரிய பயனர் எண்ணோடு ஓட்டச் சொல்லி எத்தனை முறை டிக்கெட் போட்டிருக்கிறேன் தெரியுமா...

---

கருப்புத்திரை · காலை 10:02

பாண்டி, சிஐ இயந்திரத்தில் மனிதன் உட்கார்ந்து எதையும் எழுதுவதில்லை. அங்கே சேர்க்காத ஃபைல் என்றால் குப்பை மட்டும்தான். மடிக்கணினியில் சேர்க்காத ஃபைல் என்றால் பெரும்பாலும் இன்று எழுதியது. அந்த ரீட்மீ செய்த தப்பு, அங்கே ஓடுவதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டியது.

மேக் என்ற பில்ட் கருவியின் மேக் கிளீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேக்ஃபைலை எழுதியவர் எதை அழிக்கச் சொல்லி எழுதி வைத்தாரோ அதை மட்டும் அது அழிக்கும். கிட் கிளீன் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு மீதி எல்லாவற்றையும் அழிக்கும். போகியன்று ஊரில் இல்லாதவன் திரும்பி வந்து தன் பழைய நோட்டைத் தேடுகிற கதை. எரித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது, பிறகு எப்படித் திருப்பித் தருவார்கள்?

---

ஜன்னல்வாசி · காலை 10:20

அப்படியானால் கிளீனுக்குப் பதில் கிட் ஸ்டாஷ் -யூ (மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது) போட்டுவிட்டால்? ஃபோல்டரும் சுத்தம், ஃபைலும் பத்திரம்.

---

யாழ்_நிரலி · காலை 10:41

நான் அதைத்தான் செய்யிறனான். -யூ போட்டால் ட்ராக் ஆகாத ஃபைல்களையும் ஸ்டாஷுக்குள்ளை தனி கமிட்டாய் வைக்கும். பிறகு தேவை இல்லை எண்டு விளங்கினால் ட்ரொப் பண்ணலாம். ஆனால் -ஏ போடாதேங்கோ. அது இக்னோர் செய்ததையும் எடுக்கும், நோட் மாட்யூல்ஸ் முழுதையும் பிளாப் ஆக்கி .கிட்டுக்கை திணிக்கும். ஒருக்காச் செய்துபோட்டு தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சும் அது முடியேல்லை.

அதனாலை என்ரை வழி: முதல் ஸ்டாஷ் -யூ, பிறகு பெரிய -எக்ஸ். எழுதினது ஸ்டாஷிலை, பில்ட் குப்பை வெளியிலை. .என்வ் மட்டும் ரெப்போவுக்கு வெளியிலை வைச்சிருக்கிறன்.

---

பைப்லைன்_பாண்டி · காலை 10:55

ஸ்டாஷ் போட்டதையே மறந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்களே அக்கா? என் ஸ்டாஷ் பட்டியலில் 37 கிடக்கிறது. அதைவிட ஒரு தற்காலிகக் கிளையில் "அரைகுறை" என்று கமிட் போடுவது மேல். அல்லது பில்ட் உடைந்ததா, கிட் வொர்க்ட்ரீ போட்டுப் பக்கத்திலேயே புது ஃபோல்டரில் சுத்தமாக எடுத்து அங்கே பில்ட் செய்து பாருங்கள். பழைய ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

---

ஜன்னல்வாசி · காலை 11:03

நான் கிளீன் என்ற பெயருக்கே -ஐ சேர்த்து அலையஸ் (மாற்றுப் பெயர்) வைக்கப் பார்த்தேன், ஒவ்வொன்றாகக் கேட்கட்டும் என்று. வேலை செய்யவில்லையே?

---

கருப்புத்திரை · காலை 11:10

உள்ளே இருக்கும் கட்டளையின் பெயரில் அலையஸ் வைத்தால் கிட் கண்டுகொள்ளாது. "பெருக்கு" என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியோ வேறு எப்படியோ புதுப் பெயர் வை. -ஐ நல்ல வழிதான், எண்ணால் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாகக் கேட்கவும் செய்யும். ஆனால் கோட்பாத் மாற்றாவிட்டால் அங்கேயும் 340 256 தான் தெரியும்.

---

மூன்றாவது_டேப் · மாலை 6:35

தாமதத்துக்கு மன்னிக்கவும், பகலெல்லாம் இதே வேலை.

எஃப்எஸ்சிகே 43 பிளாப் கொடுத்தது. பழைய குப்பைகளும் கலந்திருந்தன. என் மாதிரிகள் எல்லாவற்றிலும் கடையின் பெயர் தலைப்பில் இருக்கும், அதைத் தேடி கிரெப் செய்ததில் 14 மிஞ்சியது. சிலவற்றுக்கு இரண்டு மூன்று பிரதி, நான் ஆட் செய்து திருத்தி மறுபடி ஆட் செய்தவை. எது புதியது என்று தெரியவில்லை. .கிட் உள்ளே ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டரில் அந்த ஹேஷின் ஃபைலுக்கு இருக்கும் நேரத்தைப் பார்த்து, கடைசியாக எழுதியதை எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் 11-ல் 9 வந்துவிட்டது. வெள்ளிக்குப் பிறகு செய்த சின்னத் திருத்தங்கள் போச்சு, பரவாயில்லை. "கடன் நோட்டு", "திருப்பிய சரக்கு" இரண்டும் சனிக்கிழமைதான் எழுதினேன், ஆட் செய்யவே இல்லை. அவை இல்லை.

ரீட்மீயில் அந்த வரியை மாற்றி, கோட்பாத்தையும் சேர்த்து லீடுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னது சரிதானே என்று மட்டும் கேட்டார்.

---

ஜன்னல்வாசி · மாலை 6:52

அந்த இரண்டையும் எந்த எடிட்டரில் எழுதினீர்கள்? விஎஸ் கோடு என்றால் டைம்லைனில் பழைய பிரதி இருக்கலாமே. 2022-ல் வந்த வசதி. சேமிக்கும்போதெல்லாம் ஒரு நகலைத் தன் சொந்த ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும், கிட்டோடு சம்பந்தமே இல்லாமல்.

---

மூன்றாவது_டேப் · மாலை 6:58

விம் 😐

---

யாழ்_நிரலி · மாலை 7:04

தம்பி, கடைக்காரருக்கு மாதிரி காட்டேக்க பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருப்பியள் தானே?

---

மூன்றாவது_டேப் · மாலை 7:11

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. இரண்டும். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் அனுப்பியது. எச்டிஎம்எல் மறுபடி எழுதணும், ஆனால் அளவு, கட்டம், வாசகம் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ராத்திரிக்குள் முடித்துவிடுவேன்.

முதலில் கிட் ஆட்.